குடும்பத் தலைவர் பெயர்

பிப்ரவரி 3, திங்கள்

மேடம், முதலில் என்னை மன்னிக்க வேண்டும். ஆய்வுக் குறிப்பேட்டில் தினமும் படித்ததையும் தோன்றியதையும் எழுதச் சொன்னீர்கள். படித்ததை எழுத எனக்கு வரும். தோன்றியதை எழுதிப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் இதற்கு முன் மளிகைச் சீட்டைத் தவிர யாரும் எதையும் எழுதி வைத்ததில்லை. தேவையில்லாதது ஏதாவது நுழைந்துவிட்டால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இன்று படித்தது: 1789 அக்டோபர் 5. பாரிஸ் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு, மழையில், வெர்சாய் அரண்மனைக்கு நடந்தார்கள். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். மறுநாள் அரசனைக் கையோடு பாரிசுக்குக் கூட்டி வந்தார்கள். நான்கே வருடத்தில், 1793இல், பெண்கள் சங்கங்களுக்குத் தடை.

அந்த நான்கு வருடத்தில் என்ன நடந்தது என்பதுதான் என் ஆய்வு. தலைப்பை நீங்கள் சுருக்கச் சொன்னீர்கள். இன்னும் சுருங்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

அந்தப் பெண்களில் பலர் மீன் விற்பவர்கள் என்று இன்றைய பக்கத்தில் இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

சேர்க்கைப் படிவத்தில் தாயார் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருக்கிறேன். அது உண்மையில்லை. அம்மா பெயர் தையல்நாயகி. விடியற்காலையில் எங்கள் குப்பத்தில் படகு வந்ததும் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போகிறாள். அவளைப் போல இன்னும் நாற்பது பெண்கள். டவுனில் பழைய மார்க்கெட்டை இடித்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டு மதிலோரம் வெயிலில் உட்கார்ந்துதான் விற்கிறார்கள். புதுக் கட்டடம் முடிந்துவிட்டது. ஆனால் கடைகளை மொத்தமாக ஏலம் விட்டுப் பெரிய வியாபாரிகளுக்குக் கொடுக்கப் போவதாகப் பேச்சு.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் அம்மா சொன்னாள்: “கலெக்டருகிட்ட மனு குடுக்கப் போறோம். நீயும் வாயேன். நாலு வார்த்த எடுத்துப் பேச ஆளு வேணும்.”

“லைப்ரரி புக்கு இன்னைக்குத் திருப்பணும்மா.”

புத்தகத்துக்கு இன்னும் ஒரு வாரம் கெடு இருந்தது.

ஒரே பஸ்ஸில் நாற்பத்தொரு கூடையை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டாராம். நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். கலெக்டர் ஆபீஸ் பதினான்கு கிலோமீட்டர். பத்தரை மணிக்கு நம் கல்லூரி வாசலைக் கடந்தார்கள். சத்தம் கேட்டு எல்லோரும் வராந்தாவுக்கு ஓடினோம். பக்கத்தில் நின்றவள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, “என்ன ஊர்வலம்டி இது, இப்படி நாறுது?” என்றாள். நான் “தெரியல” என்றேன். முன்னாலிருந்து மூன்றாவது ஆள், பச்சைச் சேலை, அம்மா. அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

லைப்ரரிக்குத் திரும்பி அக்டோபர் 5 பற்றிய பகுதியைப் படித்தேன். ஒரே பத்தியை நான்கு தடவை. நாற்காலி மாற்றி உட்கார்ந்தேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். குறிப்பு ஒன்றும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஜெயித்துவிட்டார்கள்!

குணவதி அத்தை சொல்லக் கேட்க வேண்டும் மேடம். அப்பாவின் தங்கை, எட்டு வீடு தள்ளி இருக்கிறார், அவர் பேசினால் எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிரும். “உள்ள விட மாட்டேன்னுட்டான். சரி, வராண்டாவுல உக்காந்தோம், கூடையோட. பன்னெண்டு மணிக்கு ஐஸு கரைஞ்சிச்சு. ரெண்டு மணிக்கு மத்தி வேலய காட்டிடிச்சு. மூணு மணிக்குக் கலெக்டரே எறங்கி வந்தாரு. நாங்க ஒண்ணுமே கேக்கல புள்ள. மீனுதான் கேட்டிச்சு.”

ஏலம் கிடையாது. ஏற்கெனவே விற்கிறவர்களுக்கே நாற்பத்தொரு கடை. நகராட்சியில் பட்டியல் கொடுத்தால் போதும்.

அம்மாவின் காலில் கொப்புளம். தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். “புக்கக் குடுத்திட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரி 13, வியாழன்

பட்டியல் எழுதும் வேலை எனக்கு வந்தது. “காலேஜு எழுதுனா தப்பிருக்காது,” என்றார் குணவதி அத்தை. என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

நகராட்சிப் படிவத்தில் ஐந்து கட்டங்கள்: வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், தந்தை பெயர், வயது, முகவரி. விவரம் கேட்க நாற்பத்தொரு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். எல்லோரும் மதியத்துக்கு மேல்தான் திரும்புவார்கள். அப்படியே இருந்தாலும், ஒவ்வொரு வீட்டிலும் போய் நின்று என்ன சொல்லி ஆரம்பிப்பது? நாளைக்குள் கொடுக்க வேண்டும்.

ஊர்ப் பஞ்சாயத்தின் கணக்கர் சபாநாதன் மாமாவிடம் தலைக்கட்டு நோட்டு இருக்கிறது. எங்கள் குப்பத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஊர் வரி, திருவிழா, கூட்டத்தில் பேச்சு எல்லாம் அந்தக் கணக்கில்தான். பெயர், தகப்பன் பெயர், வயது, எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கேட்டேன். எதற்கு என்று கூடக் கேட்காமல் கொடுத்தார். பார்த்து எழுதினேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரு அடித்தல்கூட இல்லை.

மூன்று வீடுகள் நோட்டில் இல்லை. ஆண் இல்லாத வீடு தலைக்கட்டில் வராது. அப்பா கடலில் போய் ஆறு வருடமாவதால் எங்கள் வீடும் இல்லை. அந்த மூன்று பேரையும் ஒரு தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கவுன்டரில் சொல்லிச் சேர்த்துவிடலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

பட்டியலைக் கொடுத்தேன். நகராட்சியில் கூட்டம். கவுன்டரில் இருந்தவர், “கையெழுத்து அச்சு மாதிரி இருக்கேம்மா,” என்றார். “எல்லாம் சரிதானே?”

“சரிங்க சார்.”

வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ரஷ்யா. 1917 மார்ச் 8. பெட்ரோகிராட் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஒரே வாரத்தில் மன்னன் முடி துறந்தான். அங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை அந்த ஆண்டே கிடைத்தது. பிரான்சில் 1944 வரை காத்திருந்தார்கள். ஏன் இந்த வித்தியாசம் என்று ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. புத்தகப் பையைக் கவிழ்த்து மறுபடி அடுக்கினேன்.

பிப்ரவரி 19, புதன்

தூக்கம் சரியில்லை. கொசு.

பிப்ரவரி 21, வெள்ளி

முதல் இயலைத் திருத்தித் தந்திருக்கிறீர்கள். நன்றி. பதினோராம் பக்க ஓரத்தில் பென்சிலால், ‘தெருவில் பெண்கள் நின்றார்கள், சரி. சட்டம் யார் பெயரில் வந்தது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பிரான்சில் 1804இல் வந்த சட்டம் மனைவியைக் கணவனுக்குக் கீழ்ப்படியச் சொன்னது என்று பதில் எழுதினேன். அது போதும் என்று நினைக்கிறேன்.

நகராட்சிக்கு ஒரு தடவை போய் வரலாமா என்று பார்த்தேன். பஸ் வரவில்லை. ஒரு பஸ் வந்தது, அது நிரம்பியிருந்தது.

மார்ச் 3, திங்கள்

புது மார்க்கெட் திறந்தார்கள். வெள்ளை டைல்ஸ், ஒவ்வொரு கடைக்கும் குழாய், கூரைக்குக் கீழே மின்விசிறி. ஒதுக்கீட்டுப் பட்டியல் நுழைவாயிலில் ஒட்டியிருந்தது. முப்பத்தெட்டுக் கடைகள், முப்பத்தெட்டு ஆண்களின் பெயர்.

அம்மாவோடு மீன் விற்கும் பூரணி அக்கா கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிப்பார். விரல் வைத்துப் படித்துவிட்டு, “எல்லாம் புருசன்மாரு பேரால்ல இருக்கு,” என்றார்.

குணவதி அத்தைக்குக் கவலையில்லை. “பேரு எவன் பேரா இருந்தா என்னாடி? உக்காரப் போறது நம்ம. எம் புருசனுக்கு மத்தி மீனு எது, கவலை மீனு எதுன்னே தெரியாது. அவரா வந்து விக்கப் போறாரு?” எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா பட்டியலின் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயரின் முதல் எழுத்து மட்டும் அடையாளம் தெரியும். அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பிறகு கூடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு மதிலோரம் போய்விட்டாள். மற்ற இரண்டு பேரும் அவளோடு.

மார்ச் 5, புதன்

குணவதி அத்தையின் கணவர் மனோகரன் மாமா தன் பெயரில் வந்த கடையை ஒரு இறால் வியாபாரிக்கு மூன்று வருடத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். அவரைப் போல இன்னும் பத்துப் பேர். கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது. காலையில் அத்தை போய்ப் பார்த்தால் அவர் இடத்தில் ஐஸ் பெட்டி அடுக்கியிருக்கிறது.

“யார் இந்தப் பட்டியல மாத்துனது?” என்று குப்பம் முழுக்கக் கேட்டார் அத்தை. மாற்றியது ஊர்ப் பஞ்சாயத்துதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஆண்களின் பெயர் வரிசையாக வேறு யாரிடம் இருக்கிறது? அத்தை மீன் கழுவிய தண்ணீரை ஒரு வாளி நிறையக் கொண்டுபோய்ச் சபாநாதன் மாமா வாசலில் ஊற்றினார். “புள்ள கைப்பட எழுதிக் குடுத்தா, நீ பேர மாத்தியா குடுக்குற?” மாமா உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை.

நான் பூரணி அக்காவுக்குப் பின்னால் நின்றேன்.

மார்ச் 6, வியாழன்

அம்மா வியாபாரத்துக்குப் போன பிறகு சபாநாதன் மாமா வந்தார். உட்காரவில்லை. வாசலில் நின்றே பேசினார்.

“நீ கேட்ட, நான் குடுத்தேன். அவ்வளவுதான?”

“ஆமா மாமா.”

“மாத்துனன்னு சொல்றாளுவ. எம் வீட்டுக்காரி நேத்துலேர்ந்து சோறு திங்கல, அந்த நாத்தத்துல. நான் போயி சொன்னா, படிச்ச புள்ள மேல பழியப் போடுறான்னுவாளுவ. நீயே சொல்லு.”

“சொல்றேன் மாமா.”

“எப்ப?”

அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

நான் எதையும் மாற்றவில்லை மேடம். படிவத்தில் குடும்பத் தலைவர் பெயர் என்று இருந்தது. அதைத்தான் எழுதினேன்.

மார்ச் 7, வெள்ளி

கல்லூரியில் மகளிர் தினம். கோலப்போட்டி, ஊறுகாய்ப்போட்டி. பெட்ரோகிராட் பெண்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னீர்கள். நான்கு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பீர்கள். ‘அவர்கள் கேட்டது அவர்களுக்கே கிடைத்ததா’ என்ற ஐந்தாவது வாக்கியம் குறிப்பில் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 8, சனி

அந்தத் தனித்தாள் இன்னும் என் ஃபைலில்தான் இருக்கிறது. நான்காக மடித்தது. கவுன்டரில் நின்றபோது அது என் கையிலேயே இருந்தது. எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். அவர் சரிதானே என்று கேட்டார், நான் சரி என்றேன். வெளியே வந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். திரும்பிப் போயிருக்கலாம். மறுநாள் போயிருக்கலாம்.

எழுதிவிட்டேன். இந்தப் பக்கத்தைக் கிழிக்க மாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா பின்பக்கம் அரிவாள்மனையில் சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தாள். நான் உலை வைக்கப் போனவள் அவள் முன்னால் நின்றுவிட்டேன்.

“அம்மா, பட்டியல யாரும் மாத்தல. நான் எழுதுனதே அப்படித்தான்.”

அவள் கை நிற்கவில்லை. செதில் தெறித்துக்கொண்டே இருந்தது. “எப்படி?”

சொன்னேன். தலைக்கட்டு நோட்டு, ஒன்றரை மணி நேரம், எல்லாம்.

“அப்ப எம் பேர எங்க எழுதுன?”

“தனித்தாளுல.”

“அத யாருகிட்ட குடுத்த?”

“குடுக்கல.”

“ஏன்?”

“கூட்டமா இருந்துச்சும்மா.”

அப்போதுதான் கை நின்றது. “பதினாலு கிலோமீட்டரு கூட்டத்துலதான்டி நடந்தோம்.”

குழம்பு வைத்தாள். எனக்கும் போட்டாள். நடுத்துண்டை எனக்கு வைப்பது வழக்கம். இன்று வைக்கவில்லை. கேட்கவும் முடியாது.

மார்ச் 10, திங்கள்

கரையில் மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடை கட்டும் நேரம். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினாள். “எம் மவ ஒண்ணு சொல்லணுமாம். கேளுங்க,” என்று சொல்லிவிட்டுத் தன் கூடையைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. கடல் இரைச்சலில் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. “சத்தமா சொல்லு!” என்றார்கள். முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

முதலில் பேசியது குணவதி அத்தை. “பிரான்சுப் பொம்பளைங்கள பத்தி நோட்டு நோட்டா எழுதுவியாமே, ஒங்கம்மா சொல்லிச் சொல்லி மாய்ஞ்சி போவா. அவளுவ பேர தெரிஞ்சி வச்சிருக்க. எம் பேரு ஒனக்குத் தெரியாதா? தூக்கி வளத்த அத்த பேரு?”

“தெரியும் அத்தை.”

“பின்ன என்னாத்துக்கு அந்த ஆளு பேர எழுதுன? கட்டம் கேட்டுச்சுன்னா? கட்டம் நாளைக்கி ஒன்னயே கேக்கும், குடுத்துடுவியா?”

யாரோ சிரித்தார்கள். யாரோ “வுடுடி, சின்னப் புள்ள” என்றார்கள். “என்னா சின்னப் புள்ள? ரெண்டு டிகிரி!” என்றார் அத்தை. நான் அழவில்லை. அழுதால் எல்லோரும் சமாதானம் சொல்ல வருவார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று தோன்றியது.

பூரணி அக்காதான் நிறுத்தினார். “ஆனது ஆச்சு. இப்ப என்னா செய்யலாம்? அத சொல்லு.”

“மறுபடி எழுதலாம். நீங்களே உங்க பேரச் சொல்லணும்.”

“மொத அந்த மனுசன் வாசலக் கழுவணும்,” என்றார் அத்தை. “ஊத்துனது நான். ஊத்த வச்சது நீ. நடடி.”

நாங்கள் இருவரும் சோப்புத்தூள் போட்டுத் துடைப்பத்தால் தேய்த்தோம். சபாநாதன் மாமாவின் மனைவி கதவோரம் நின்று, “அந்த மூலையும்,” என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 11, செவ்வாய்

கல்லூரிக்கு வரவில்லை மேடம். பஸ் ஸ்டாண்டு மதிலோரம் அம்மா பக்கத்தில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து எழுதினேன். படிவம் இல்லாமல் வெள்ளைத் தாளில் கோடு போட்டு, மேலே ‘மீன் விற்பவர் பெயர்’ என்று எழுதினேன்.

பேச்சாயி என்று ஒருவர். வயது அறுபது இருக்கும். பெயர் என்ன என்று கேட்டதும், “காத்தவராயன் பொண்டாட்டின்னு போடு,” என்றார். உங்கள் பெயர் வேண்டும் என்றேன். சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டார். “அத எவ கூப்புடுறா இப்ப?” பிறகு சொன்னார். எழுதியதைக் காட்டச் சொன்னார். ஈரக் கையால் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

நடுவில் நம் வகுப்புப் பெண்கள் இருவர் பஸ்ஸுக்குப் போனார்கள். ஒருத்தி நின்றாள். “செவ்வந்தி? இங்க என்னடி?” என்றாள். “இது எங்கம்மா,” என்றேன். அம்மா அவளிடம், “நெத்திலி நல்லாருக்கு, கொண்டு போறியாம்மா?” என்று கேட்டாள். வியாபாரம் வியாபாரம்தான்.

புது மார்க்கெட்டில் உட்கார்ந்தவர்களும் வந்து சொல்லிப் போனதில் மதியத்துக்குள் நாற்பத்தொரு பெயர். பத்தாவது வரிசையில் தையல்நாயகி. மேலே ஏற்றவில்லை. அவள் முறை வந்தபோது எழுதினேன்.

மார்ச் 13, வியாழன்

நகராட்சியில் புதுப் பட்டியலை வாங்க முதலில் மறுத்தார்கள். உத்தரவு போட்டாயிற்று, ஆட்சேபம் இருந்தால் கலெக்டர் ஆபீசில் விசாரணை வைப்போம் என்றார்கள். கவுன்டரில் இருந்தவர் அதே ஆள். “முதல் பட்டியலும் நீதானேம்மா கொடுத்தே? சரின்னு சொன்னியே?”

“சரின்னு சொன்னது தப்பு சார்,” என்றேன். பின்னால் கூட்டம் இருந்தது.

விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். முப்பத்தெட்டு ஆண்களுக்கும் நோட்டீஸ் போகும். கடையை வெளியாருக்கு விட்ட பதினொரு பேர் இப்போதே வக்கீல் பார்த்துவிட்டார்கள். மனோகரன் மாமா வீட்டில் சமையல் நின்றுவிட்டது. அத்தை சமைக்க மறுக்கிறார், அவர் கேட்க மறுக்கிறார். பெண்கள்தான் விற்பவர்கள் என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சியும் கிடையாது. முதல் பட்டியலை எழுதியவர் நேரில் வந்து, எந்த நோட்டைப் பார்த்து எப்படி எழுதினேன் என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம். வராவிட்டால் முதல் பட்டியலே நிற்கும். அம்மா உட்பட மூன்று பேருக்கும் கடை எப்போதுமே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இந்தக் குறிப்பேட்டை இன்று மாலைக்குள் உங்கள் மேஜையில் வைக்க வேண்டும். கடைசி இயல் முடியவில்லை. முடிவுரை என்று தலைப்பு மட்டும் இருக்கிறது. பெண்களைப் பழைய இடத்துக்கு அனுப்பியது அரசர்களும் சட்டசபைகளும் என்று எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அந்த வேலையைச் செய்ய நல்ல கையெழுத்துள்ள ஒருத்தியும் ஒரு மதியப் பொழுதும் போதும் என்று எழுத வேண்டும். அதை ஆய்வு நடையில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மேடம், கேட்க வேண்டியதை இதுவரை கேட்கவில்லை. நேரில் கேட்க நேற்றும் இன்றும் துறை வாசல் வரை வந்தேன். நீங்கள் தலை நிமிர்வதற்குள் திரும்பிவிட்டேன்.

விசாரணை மார்ச் 24, திங்கள், காலை பதினொரு மணி. என் வாய்மொழித் தேர்வும் அதே நாள், அதே மணி. வராதவர்களுக்கு நவம்பரில்தான் மறுதேர்வு என்று அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பரீட்சைக்குத்தான் போகச் சொல்வாள்.

எனக்கு மட்டும் தேர்வை வேறு ஒரு நாளைக்கு மாற்றித் தர முடியுமா? காரணம் எழுத வேண்டிய இடத்தில், மீன் விற்கும் தன் தாயாருக்காகச் சாட்சி சொல்லப் போகிறாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். மாற்ற முடியாது என்றாலும் அன்று பதினொரு மணிக்கு நான் கலெக்டர் ஆபீசில்தான் இருப்பேன். ஆனாலும் கேட்கிறேன் மேடம். மாற்றித் தாருங்கள்.